ஈஸ்ட்ரோஜன் பிறந்த கதை

கினிப்பன்றியின் கருமுட்டை எந்த நாளில் முதிர்கிறது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. நியூயார்க்கின் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் வேலை பார்த்த கிரேக்க ஆராய்ச்சியாளர் ஜார்ஜ் பாப்பனிகோலாவுக்கு இது பெரிய தொல்லையாக இருந்தது. ஆராய்ச்சிக்குச் சரியான பருவத்துக் கருமுட்டை வேண்டும். விலங்கைக் கொன்று சினைப்பையைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் நாள் தப்பியிருக்கும். மற்ற பாலூட்டிகளுக்கு ஏதோ ஒரு கசிவு இருக்கும்போது இதற்கும் கண்ணுக்குத் தெரியாத அளவிலாவது இருக்கத்தான் வேண்டும் என்று அவர் நினைத்தார். மூக்கின் உட்புறத்தைப் பார்க்க டாக்டர்கள் வைத்திருக்கும் சின்னக் கருவி ஒன்றை வாங்கினார். அதைக்கொண்டு கினிப்பன்றியின் யோனியை மெல்ல விரித்து, உட்சுவரின் ஈரத்தை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவி, நுண்ணோக்கியின் கீழ் வைத்தார்.

செல்கள் நாளுக்கு நாள் மாறிக்கொண்டிருந்தன. சில நாட்களில் வெள்ளையணுக்கள் மொய்த்துக் கிடந்தன. வேறு சில நாட்களில் அவை மறைந்து, தட்டையான செதில் செல்கள் நிறைந்திருந்தன. சுமார் 16 நாட்களுக்கு ஒருமுறை அதே வரிசை திரும்ப வந்தது. செதில் செல்கள் பெருகும் நாட்களை ஒட்டித்தான் விலங்கு பருவத்துக்கு வந்தது. உடலைக் கிழிக்காமலே உள்ளே நடப்பதைப் படிக்க ஒரு வழி கிடைத்துவிட்டது. 1917இல் தன் மேலதிகாரி சார்லஸ் ஸ்டாக்கார்டுடன் சேர்ந்து இதை வெளியிட்டார்.

அதே ஆய்வகத்தில் உதவியாளராக வேலை செய்த அவருடைய மனைவி மேரி, மனிதப் பெண்ணிடமும் இப்படி நடக்கிறதா என்று பார்ப்பதற்காகத் தன் உடலிலிருந்து ஈரம் எடுக்க ஒப்புக்கொண்டார். கருப்பைவாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே காட்டும் பாப் ஸ்மியர் பரிசோதனை இந்த ஆராய்ச்சியிலிருந்துதான் வளர்ந்தது. இன்னொரு கிளையும் இங்கிருந்தே பிரிந்தது. இன்று ஹார்மோன் என்றதும் பெண்களுக்கு முதலில் நினைவுக்கு வரும் ஈஸ்ட்ரோஜனைப் பிடித்துக் கொடுத்தது இந்தத் தகடுதான்.

எடுத்த பிறகு தெரிந்தது

சினைப்பை என்ன செய்கிறது என்பதை மருத்துவ உலகம் கற்றுக்கொண்ட விதம் கொடுமையானது. 1872இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ராபர்ட் பேட்டி என்ற அறுவை மருத்துவர், நோயில்லாத சினைப்பைகளை ஒரு பெண்ணிடமிருந்து அகற்றினார். மாதவிடாயை நிறுத்தினால் அதோடு வரும் வேதனைகளும் போய்விடும் என்பது அவருடைய வாதம். அந்த அறுவை அவர் பெயராலேயே பரவியது. மாதவிடாய் வலிக்கு, வலிப்புக்கு, மனக்கோளாறுக்கு, கடைசியில் அடங்காத காமம் என்று மற்றவர்கள் பட்டம் கட்டிய பெண்களுக்கும்கூட அதைச் செய்தார்கள். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆயிரக்கணக்கான பெண்கள் இப்படி இளம் வயதிலேயே சினைப்பையை இழந்தார்கள். மாதவிடாய் நின்றது. கூடவே உடல் திடீர் திடீரென்று கொதித்தது, வியர்த்துக் கொட்டியது, தூக்கம் கெட்டது, பிறப்புறுப்பு சுருங்கி வறண்டது.

எடுத்த உறுப்பில் ஏதோ இருந்திருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. 1890-களில் வியன்னாவில் எமில் க்னாவர், சினைப்பை நீக்கப்பட்ட முயல்களின் உடலில் வேறோர் இடத்தில் சினைப்பைத் துண்டைப் பொருத்திப் பார்த்தார். அவற்றின் கருப்பை சுருங்கவில்லை. நரம்புத் தொடர்பு அறுந்த துண்டு வேலை செய்கிறது என்றால், அது ரத்தத்தின் வழியாக எதையோ அனுப்ப வேண்டும். 1905இல் லண்டனில் எர்னஸ்ட் ஸ்டார்லிங் இப்படிப்பட்ட தூதுப்பொருள்களுக்கு ஹார்மோன் என்று பெயர் வைத்தார். பெயர் கிடைத்துவிட்டது, பொருள் இன்னும் கையில் சிக்கவில்லை.

பன்றிச் சினைப்பையும் சுண்டெலியும்

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரம் அன்று பெரிய இறைச்சிச் சந்தையாக இருந்தது. அங்கே வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உடற்கூறு ஆசிரியர் எட்கர் ஆலனும், வேதியியலாளர் எட்வர்ட் டாய்சியும் கைகோத்தார்கள். கசாப்புக் கூடத்திலிருந்து பன்றிச் சினைப்பைகள் வந்தன. கருமுட்டையைச் சுற்றியுள்ள நுண்பைகளின் திரவத்தை ஊசியால் உறிஞ்சி எடுத்து, டாய்சி அதைச் சுத்திகரித்தார். சினைப்பை நீக்கிய சுண்டெலிகளுக்கு ஆலன் அதை ஊசி மூலம் செலுத்தினார். பிறகு பாப்பனிகோலா காட்டிய அதே முறையில் எலியின் யோனி ஈரத்தைத் தகட்டில் தடவிப் பார்த்தார்.

இரண்டொரு நாளில் தகடு முழுவதும் செதில் செல்கள். சினைப்பையே இல்லாத எலி பருவத்துக்கு வந்திருந்தது. ஆணை விலக்காமல் இணைய விட்டது. 1923இல் இருவரும் இதை அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியிட்டார்கள். ஒரு திரவத்தில் ஹார்மோன் இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது என்று அளக்க உலகத்துக்கு முதல் அளவுகோல் கிடைத்தது.

ஒரு தவறான எண்ணமும் அங்கேயே கருக்கொண்டது என்று நினைக்கிறேன். எலி இணைவதா வேண்டாமா என்பதைப் பெரும்பாலும் சினைப்பைதான் தீர்மானிக்கிறது. ஹார்மோன் ஏறினால் இணையும், இறங்கினால் ஆணைக் கிட்டே விடாது. பெண்ணின் உடல் அப்படிப்பட்டதல்ல. மாதத்தின் எந்த நாளிலும் அவளுக்கு ஆசை வரலாம், வராமலும் போகலாம். ஆனால் எலியின் பருவத்தைக் கொண்டு கண்டுபிடித்த பொருளைப் பெண்ணின் ஆசைக்கே மருந்தாக எண்ணும் பழக்கம் அன்று தொடங்கியது. அந்த மயக்கம் இன்றும் முழுதாகத் தெளியவில்லை.

சிறுநீரில் கிடைத்த படிகம்

சினைப்பையிலிருந்து ஹார்மோன் எடுப்பது மலையைக் கெல்லி எலியைப் பிடிக்கிற வேலையாக இருந்தது. பின்னாளில் டாய்சியின் குழு 4 டன் பன்றிச் சினைப்பையிலிருந்து பெற்ற எஸ்ட்ராடயால் என்ற ஈஸ்ட்ரோஜன் சில மில்லிகிராம்தான். அந்த முட்டுச்சந்திலிருந்து வழி காட்டியது பெர்லின். அங்கே சாரிட்டே மருத்துவமனையில் செல்மர் ஆஷைமும் பெர்ன்ஹார்ட் ஸோண்டெக்கும் கர்ப்பிணிகளின் சிறுநீரில் இந்த ஹார்மோன் ஏராளமாக வெளியேறுகிறது என்று 1927இல் கண்டார்கள். வீணாகப் போய்க்கொண்டிருந்தது ஒரே நாளில் மூலப்பொருளாகிவிட்டது.

1929இல் செயின்ட் லூயிஸில் டாய்சியும், ஜெர்மனியின் கோட்டிங்கனில் அடால்ஃப் பூட்டநான்டும் தனித்தனியே அதைத் தூய படிகமாகப் பிரித்தார்கள். ஈஸ்ட்ரோஜன் வகைகளில் ஒன்றான ஈஸ்ட்ரோன் கையில் வந்தது. அடுத்த ஆண்டு லண்டனில் கை மேரியன் ஈஸ்ட்ரியாலைக் கண்டார். மூன்றிலும் வலுவானதும், இனப்பெருக்க வயதுப் பெண்ணின் உடலில் பிரதானமாக ஓடுவதும் எஸ்ட்ராடயால். பூட்டநான்டுக்கு 1939இல் வேதியியல் நோபல் கிடைத்தது. நாஜி அரசு அதை வாங்க விடவில்லை. அதே அரசு யூதரான ஸோண்டெக்கை 1933இலேயே வேலையிலிருந்து விரட்டியிருந்தது. அவர் ஸ்டாக்ஹோம் போய், அங்கிருந்து ஜெருசலேம் சேர்ந்தார்.

ஓடிக்கொண்டிருந்த காலத்திலும் ஸோண்டெக் ஆராய்ச்சியை விடவில்லை. 1934இல் அவர் வெளியிட்ட ஒரு செய்தி எல்லோரையும் திகைக்க வைத்தது. ஈஸ்ட்ரோஜனை மிகுதியாக வெளியேற்றும் விலங்குகளில் ஒன்று ஆண் குதிரை! அதற்கு முன்பே ஆண்களின் சிறுநீரிலும் இது இருப்பதை ஆம்ஸ்டர்டாமில் எர்ன்ஸ்ட் லாக்கரின் குழு காட்டியிருந்தது. பெண்ணின் சினைப்பையும் ஆண்களின் ஹார்மோன் என்று பேர் வாங்கிய டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கிறது. அதிலிருந்தும் எஸ்ட்ராடயாலைச் செய்துகொள்கிறது. பெண் ஹார்மோன், ஆண் ஹார்மோன் என்று இரண்டு கூடையில் பிரித்து வைக்கும் பேச்சு இருபதாண்டுகூட நிற்காமல் ஆய்வகத்தில் உடைந்துபோனது. வெளியில் மட்டும் இன்னும் நடமாடுகிறது.

மாத்திரையின் ஏற்றமும் சரிவும்

சினைக் குதிரையின் சிறுநீரில் ஈஸ்ட்ரோஜன் மிக அதிகம் என்பதையும் ஸோண்டெக்தான் 1930இல் சொன்னார். கனடாவின் மான்ட்ரியலில் அயர்ஸ்ட் நிறுவனம் அதைப் பிடித்துக்கொண்டது. பிரிமரின் என்ற மாத்திரை 1941இல் கனடாவிலும் 1942இல் அமெரிக்காவிலும் கடைக்கு வந்தது. மாதவிடாய் நிற்கும்போது வரும் உடல் கொதிப்புக்கு அது நன்றாகவே கேட்டது. அத்தோடு நிறுத்தியிருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும்.

1966இல் ராபர்ட் வில்சன் என்ற நியூயார்க் டாக்டர், மெனோபாஸ், அதாவது மாதவிடாய் நிற்பது, ஒரு குறைபாட்டு நோய், ஈஸ்ட்ரோஜன் எடுத்துக்கொண்டால் பெண் என்றென்றும் பெண்ணாக இருக்கலாம் என்று புத்தகம் எழுதினார். அது அமோகமாக விற்றது. மாதவிடாய் நின்ற பெண்ணை உலர்ந்து போனவளாக, கணவனுக்குப் பாரமாக அந்தப் புத்தகம் வரைந்தது. அதற்கு மருந்துக் கம்பெனியின் பணம் பின்னணியில் இருந்தது பல ஆண்டுகள் கழித்து வெளிவந்தது. ஒரு பெண்ணுக்குத் தூக்கம் வர, வலியில்லாமல் வாழ உதவ வேண்டிய மருந்தை, இளமையை விற்கும் சரக்காக மாற்றிவிட்டார்கள். இதை மன்னிக்க என்னால் முடியவில்லை.

1975இல் முதல் அடி விழுந்தது. ஈஸ்ட்ரோஜனை மட்டும் தனியாக எடுத்துக்கொண்ட பெண்களுக்குக் கருப்பையின் உட்சவ்வில் புற்றுநோய் பல மடங்கு கூடியிருந்தது. கருப்பை உள்ளவர்களுக்குப் புரோஜெஸ்ட்ரோன் வகை மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால் அந்த ஆபத்து குறையும் என்று தெரிந்ததும் விற்பனை மீண்டும் ஏறியது.

இரண்டாவது அடி 2002 ஜூலையில் விழுந்தது. அமெரிக்காவில் 50 முதல் 79 வயது வரையான 16,608 பெண்களை வைத்து நடந்த பெரிய ஆய்வைச் சராசரியாக 5.2 ஆண்டுகளிலேயே நிறுத்தினார்கள். ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்ட்ரோன் வகை மருந்தும் சேர்ந்த கூட்டு மாத்திரை எடுத்தவர்களில், ஆண்டுக்கு 10,000 பெண்களுக்கு 8 பேருக்குக் கூடுதலாக மார்பகப் புற்றுநோய் வந்தது. பக்கவாதம் 8 பேருக்கும், மாரடைப்பு போன்ற இதய நோய் 7 பேருக்கும் கூடியது. இடுப்பெலும்பு முறிவு 5 பேருக்குக் குறைந்தது. இந்த எண்களைத் தலைப்புச் செய்திகள் பேரிடிபோல் கொண்டுபோய்ச் சேர்த்தன. உலகமெங்கும் பெண்கள் மாத்திரையைத் தூக்கிப் போட்டார்கள். டாக்டர்கள் எழுதத் தயங்கினார்கள்.

அந்த ஆய்வில் இருந்தவர்களின் சராசரி வயது 63. மாதவிடாய் நின்று பத்தாண்டுக்கு மேல் ஆனவர்கள் நிறைய. 50 வயதில் கொதிப்பால் தவிக்கும் பெண்ணுக்கு அதே எண்கள் அப்படியே பொருந்தா என்பது பிறகு படிப்படியாகத் தெளிந்தது. அதைவிட முக்கியமான ஒன்று பேச்சிலேயே வரவில்லை. ஆய்வு செய்தது வாய்வழி விழுங்கும் மாத்திரையை. யோனியில் வைக்கும் கிரீமையோ குட்டி மாத்திரையையோ அது தொடவே இல்லை. ஆனால் பயம் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டது. 2025 நவம்பரில்தான் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, இந்த மருந்துகளின் பெட்டியில் கறுப்புக் கட்டத்துக்குள் அச்சிட்டிருந்த எச்சரிக்கைகளில் பெரும்பாலானவற்றை நீக்கப்போவதாக அறிவித்தது.

அந்த ஈரத்தின் வேலை

பாப்பனிகோலா தகட்டில் பார்த்த அந்த உட்சுவருக்கே திரும்புவோம். இந்த ஹார்மோன் ஐயமில்லாமல் செய்யும் நல்லதில் ஒன்று அங்கே இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் உள்ளவரை யோனியின் சுவர் பல அடுக்குத் தடிமனோடு, மீள்தன்மையோடு, ரத்த ஓட்டத்தோடு இருக்கும். அதன் செல்களில் கிளைக்கோஜன் சேரும். அதை வைத்து லாக்டோபேசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியா பிழைத்து, அமிலத்தை உண்டாக்கி, கெட்ட கிருமிகளை அண்டவிடாது. ஹார்மோன் வற்றினால் இந்த ஏற்பாடு ஒவ்வொன்றாகக் கலையும். சுவர் மெலியும், ஈரம் குறையும், அமிலத்தன்மை போகும், சிறுநீர்த் தாரையும் எரியும்.

மாதவிடாய் நின்ற பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்தத் தொல்லை உண்டு. பெரும்பாலோருக்கு உடல் கொதிப்பு சில ஆண்டுகளில் தணியும். இது தானாகத் தணியாது, வயதோடு கூடும். அடிக்கடி நீர்க்கடுப்பு வந்து மாறி மாறி ஆன்டிபயாடிக் சாப்பிடும் அம்மாக்களும் அத்தைகளும் நம் வீடுகளில் உண்டு. யோனியில் ஈஸ்ட்ரியால் கிரீம் வைத்தால் அந்த நீர்க்கடுப்பு வெகுவாகக் குறைகிறது என்று 1993லேயே ஆய்வு காட்டிவிட்டது. மேரியன் 1930இல் கண்ட அதே ஈஸ்ட்ரியால், கிரீமாக நம் மருந்துக் கடைகளிலும் கிடைக்கிறது.

அளவைப் பார்த்தால் பயம் தானாக விலகும். யோனியில் வைக்கும் எஸ்ட்ராடயால் குட்டி மாத்திரை ஒன்றில் 10 மைக்ரோகிராம். முதல் இரண்டு வாரம் தினமும், பிறகு வாரத்துக்கு இரண்டு. ஒரு வருடம் முழுக்க வைத்தாலும் மொத்தம் 1.1 மில்லிகிராம் சொச்சம். வாய்வழி மாத்திரை சாப்பிடும் பெண் ஒரே நாளில் எடுத்துக்கொள்வதே 1 மில்லிகிராம்.

மெனோபாஸ் வயதினருக்கு மட்டுமான விஷயம் இல்லை இது. பால் கொடுக்கும் தாய்க்குப் பாலைச் சுரக்கவைக்கும் புரோலாக்டின் ஏறி ஈஸ்ட்ரோஜன் இறங்கியிருக்கும். பிள்ளை பெற்ற சில மாதங்களில் உறவு வலிக்கிறது என்று சொல்லும் இருபத்தைந்து வயதுப் பெண்ணின் உடலிலும் இதே வறட்சிதான். மார்பகப் புற்றுநோய்க்காக ஈஸ்ட்ரோஜனைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் இது வரும். அவர்கள் கிரீமுக்கு முன் புற்றுநோய் மருத்துவரைக் கேட்க வேண்டும். ஹார்மோன் இல்லாத ஈரப்பத ஜெல்கள் அவர்களுக்கு முதல் வழி.

கர்ப்பப்பை எடுத்தவர்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். நம் தேசியக் குடும்ப நல ஆய்வு 2015-16இல் இதைக் கேட்டபோது, 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100க்கு 3 பேருக்கு மேல் எடுத்திருந்தார்கள். ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் அது இன்னும் அதிகம். கர்ப்பப்பையை மட்டும் எடுத்தால் மாதவிடாய் நிற்கும், ஆனால் ஹார்மோன் உடனே நிற்காது. சினைப்பைகளையும் சேர்த்து எடுத்தால் மறுநாளே மெனோபாஸ். டெஸ்டோஸ்டிரோனும் ஏறக்குறைய பாதியாக இறங்கும். பலருக்குத் தன் உடலிலிருந்து எது போனது என்றே தெரியாது. டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதியிருக்கும். எடுத்துப் படிக்கவோ, டாக்டரைக் கேட்கவோ அவர்களுக்கு முழு உரிமை உண்டு.

ஆசை எங்கே இருக்கிறது

ஈஸ்ட்ரோஜன் ஆசையைத் தருமா? நேராகத் தராது. வலியை எடுத்துவிடும், வலி போனால் ஆசைக்கு இடம் கிடைக்கும். சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடாது. ஒவ்வொரு தடவையும் எரிச்சலிலும் கீறலிலும் முடிந்த உறவை உடல் நினைவில் வைத்திருக்கும், அடுத்த தடவை முன்கூட்டியே இறுகும். அதைப் பார்த்துவிட்டு அவளுக்கு நாட்டம் போய்விட்டது என்று வீடு முடிவுகட்டுகிறது. நாட்டம் போகவில்லை, வலிக்குப் பயந்து ஒதுங்கி நிற்கிறது.

டெஸ்டோஸ்டிரோன்? மாதவிடாய் நின்ற பிறகு, ஆசை குறைந்ததே பெரும் மனவேதனையாக இருக்கும் சிலருக்கு மிகக் குறைந்த அளவில் அது உதவுகிறது என்பதை 2019இல் உலக மருத்துவச் சங்கங்கள் பல சேர்ந்து ஏற்றுக்கொண்டன. வேறு எந்தக் காரணத்துக்கும் பெண்களுக்கு அதைக் கொடுக்கச் சான்று போதாது என்றும் சொல்லின. ரத்தத்தில் அதன் அளவைப் பார்த்து ஒரு பெண்ணின் ஆசையைக் கணிக்க முடியாது என்பதை ஆஸ்திரேலியாவில் சூசன் டேவிஸின் குழு 2005இல் காட்டியது. ஆகவே ஆசைக்கென்று ஹார்மோன் டெஸ்ட் எடுத்து அதன் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு கலங்குவதில் பயனில்லை. தைராய்டு, சர்க்கரை, ரத்தசோகை, மனச்சோர்வுக்குச் சாப்பிடும் மாத்திரை ஆகியவற்றைப் பார்ப்பது பயன் தரும்.

கனடாவின் ரோஸ்மேரி பாஸன் 2000இல் சொன்ன ஒரு கருத்து இதில் பலருக்கு நிம்மதி தந்தது. நெடுநாள் உறவில் இருக்கும் பெண்களில் பலருக்கு ஆசை முதலில் வருவதில்லை. அன்பும் நெருக்கமும் தொடுதலும் முதலில் வந்து, உடல் அதற்கு இணங்கி, அதன் பிறகே ஆசை எழுகிறது. இது குறை அல்ல, இயல்பு. நாள் முழுக்க அடுப்படியிலும் அலுவலகத்திலும் உழைத்து, யாரும் ஒரு வார்த்தை கேட்காத பெண்ணுக்கு ஆசை தானாகப் பொங்கவில்லை என்றால், அதற்கு மருந்துச் சீட்டு எழுதுவதற்கு முன் வீட்டைத்தான் பார்க்க வேண்டும்.

ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக ஈஸ்ட்ரோஜனிடம் கேட்கக்கூடாததையெல்லாம் கேட்டார்கள்: மாறாத இளமை, தீராத காமம், கணவனின் திருப்தி. அது தர முடியாததை எதிர்பார்த்து ஏமாந்து, அது தரக்கூடியதையும் சேர்த்துக் கைகழுவினார்கள். அது உறுதியாகத் தரும் நன்மையைக் கேட்டு வாங்க எந்தப் பெண்ணும் கூசத் தேவையில்லை. டாக்டரிடம் போய், "உறவின்போது வலிக்கிறது, எரிகிறது, வறட்சியாக இருக்கிறது" என்று இந்த மூன்றையும் பட்டவர்த்தனமாகச் சொல்லலாம். மாதவிடாய் நின்று ஒரு வருடத்துக்குப் பிறகு ரத்தம் பட்டால் மட்டும் கிரீமைத் தேடாமல் முதலில் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். வயதானால் அப்படித்தான், இந்த வயதில் எதற்கு என்று ஒரு டாக்டர் தட்டிக்கழித்தால் அடுத்தவரைப் பார்க்கலாம். இந்த வயதில் எதற்கு என்று எந்த ஆணிடமும் யாரும் கேட்டதில்லை. பெண்ணிடமும் கேட்கக் கூடாது.